சுருங்க மறுத்த ஃபைல்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டதும் கன்னியப்பன் திரையில் விரல் வைத்து வரிகளை எண்ணினான். பதினான்கு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினான். அப்போதும் பதினான்குதான். முந்தின நாள் மாலை ஐந்தரைக்குத் தன் கையால் ஆறு வரியாகச் சுருக்கிவிட்டுப் போன ஃபைல் அது.

"எவனோ கை வெச்சிருக்கான்" என்றான் வாய்விட்டு. அறையில் அவனையும் ஏ.சி.யையும் தவிர யாருமில்லை. ஏ.சி. உறுமிற்று.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், வயலுக்கு நடுவே இருந்த அந்த ஸ்பிரிங் கம்பெனிக்கு 1991-ஆம் வருஷம் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அதுதான். அதற்கென்று தனியாகக் கண்ணாடி அறை உண்டு, வெல்வெட் உறை உண்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எம்.டி.யே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸ் ஓட்டை தெரியாமல் நடந்து வருவார்.

கன்னியப்பன் எட்டு வருஷம் ஸ்டோர்ஸில் நிரந்தர வேலை பார்த்தவன். தாம்பரத்தில் மூன்று மாதம் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்து, ஸ்டோர்ஸ் நாற்காலியைக் கூட வேலை பார்த்த ரகுபதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 'கம்ப்யூட்டர் இன்சார்ஜ்' ஆனான். ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். அந்த ஆறு மாதம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நிரந்தரம் ஆகாவிட்டால் திரும்பிப் போக ஸ்டோர்ஸில் இடமில்லை. "ஆவுமா, ஆவாதா? ஒண்ணைச் சொல்லு" என்று மனைவி மரகதம் தினமும் சோறு போடும்போது கேட்டாள்.

எம்.டி.யிடம் பயந்து பயந்து கேட்டதற்கு, "மொதல்ல அந்த ரிப்போர்ட் ஓடட்டும் கன்னியப்பன், மத்ததை அப்புறம் பாப்போம்" என்றார்.

அந்த ரிப்போர்ட்தான் ஓடவில்லை. ஆர்டர் எவ்வளவு, கம்பி எவ்வளவு, எந்த மெஷினில் என்றைக்கு எந்த ஸ்பிரிங்கைச் சுற்றுவது என்று மாதம் முழுவதற்கும் திட்டம் போட்டுத் தருகிற புரோகிராம் அது. மெட்ராஸிலிருந்து ஃபிளாப்பியில் வந்திருந்தது. ஓட்டினால், நினைவகத்தில் இடம் போதவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துவிடும்.

திங்கட்கிழமை மெட்ராஸ் இன்ஜினியரை ஃபோனில் பிடித்தான்.

"கான்ஃபிக் ஃபைலைச் சுருக்குங்க சார். வேண்டாத வரியெல்லாம் எடுத்துடுங்க. தானா இடம் கிடைக்கும்" என்றார் அவர்.

கான்ஃபிக் ஃபைல் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிக்கிற பட்டியல். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உள்ளே யாரையோ கூப்பிட்டு உட்கார வைத்துவிடும். தாம்பரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. மெஷினை விற்றவர்கள் பதினான்கு துண்டு போட்டு வைத்திருந்தார்கள். மவுஸுக்கு ஒரு துண்டு. அந்தக் கம்பெனியில் மவுஸே கிடையாது. கன்னியப்பன் எட்டுத் துண்டுகளை எடுத்தான். வகுப்பில் சொல்லித் தந்தபடி பழைய ஃபைலை வேறு பெயரில் பத்திரமாக ஒரு பிரதியும் எடுத்து வைத்தான். ரிப்போர்ட் ஓடி முடிய மூன்று மணி நேரம் ஆகும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கரண்ட் இருக்காது. ஆகவே காலையில் வந்ததும் ஓட்டிவிட வேண்டும். ஒரு அரைமணி பிந்தினால் அன்றைய பொழுது போச்சு.

இப்போது செவ்வாய்க்கிழமையின் அரைமணியை யாரோ தின்றுவிட்டார்கள். ஏனென்றால் ஒரு வரியை அழிக்கக் கன்னியப்பனுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். முதலில் வகுப்பு நோட்டைப் பார்ப்பான், பிறகு திரையைப் பார்ப்பான், பிறகு முருகனைக் கும்பிடுவான், அதற்கப்புறம்தான் அழிப்பான்.

நேராக கேட்டுக்குப் போனான். வாட்ச்மேன் யாக்கோபு பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"நேத்து நான் போனதுக்கப்புறம் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள யாரு போனது?"

"யாரும் போவலியே சார். ஏன், ஏ.சி. காத்து எதுனா கொறயுதா?"

பதில் கொஞ்சம் வேகமாக வந்ததாகக் கன்னியப்பனுக்குப் பட்டது. அறைக்குத் திரும்பி ஒரு நோட்டுப் புத்தகத்தில் 'சந்தேகத்துக்குரியவர்கள்' என்று தலைப்பிட்டுக் கோடு போட்டான். முதல் பெயர் ரகுபதி. காரணம்: பொறாமை. இரண்டாவது யாக்கோபு. காரணம்: டூப்ளிகேட் சாவி அவரிடம். மூன்றாவது பெருக்குகிற தாயாரம்மாள். காரணம்: எங்கும் போவாள், எதையும் தொடுவாள். டைப்பிஸ்ட் செங்கமலத்தின் பெயரை எழுதப் போய், அந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டான்.

கம்ப்யூட்டர் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அவன் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஃபைலைத் திறப்பது, அழிப்பது, பழையதைத் திரும்பக் கொண்டுவருவது என்று எல்லாக் கட்டளைகளையும் சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். எம்.டி. பார்த்து மலைக்க வேண்டும் என்பதற்காக ஒட்டியது. கண்ணுள்ள எவரும் படிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை ஃபைலை மறுபடி ஆறு வரியாகச் சுருக்கினான். கதவைப் பூட்டினான். பூட்டின் மேல் ஒரு வெள்ளைத்தாளைச் சுற்றி, டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த நாலு பருக்கையை நசுக்கி ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டான். ஓட்டுப்பெட்டிக்கு வைக்கிற சீல் தோற்றது போங்கள்.

புதன்கிழமை காலை பூட்டில் தாள் இல்லை. எறும்பு இருந்தது. பருக்கையைத் தின்ற எறும்புகள், தாளைக் கீழே தள்ளிவிட்டு, கதவிடுக்கு வழியாக அறைக்குள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. மேசைமேல் ஏறி கீபோர்டைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, மெஷினின் பின்பக்க ஓட்டைக்குள் குடும்பத்தோடு குடியேறிக்கொண்டிருந்தன.

கம்ப்யூட்டரைப் போட்டான். பதினான்கு வரி.

"தாயாரம்மா!" என்று கத்தினான்.

தாயாரம்மாள் எறும்புப் பொடி டப்பாவோடு ஓடி வந்தாள். அவன் தடுப்பதற்குள் மேசை, நாற்காலி, கீபோர்டு எல்லாவற்றின் மேலும் திருநீறு மாதிரி தூவிவிட்டாள்.

"ஐயோ, கீபோர்டு மேல எதுக்குப் போட்ட?"

"எறும்பு அங்கதான சார் கீது? அத்த வுட்டுட்டு ஒன் தலமேலயா போடுவாங்கோ?"

எறும்பு செத்தது. கூடவே 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் செத்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டது. அந்த ஒரு எழுத்து இல்லாமல் வரிகளை அழிக்கலாம்; அழித்ததைப் பதிய வைக்க முடியாது. பதிந்துவிட்டு வெளியே வருவதற்கான கட்டளையே அந்த எழுத்துதான். கன்னியப்பன் எட்டு வரியை மூன்று தடவை அழித்தான். மூன்று தடவையும் அவை சிரித்துக்கொண்டு திரும்பி வந்தன.

மெட்ராஸ் இன்ஜினியர் ஃபோனில், "கீபோர்டைக் கவுத்துப் போட்டுத் தட்டுங்க சார்" என்றார்.

கவிழ்த்துத் தட்டினான். எறும்புப் பொடி கொட்டியது. நாற்பது எறும்பு கொட்டியது. கடைசியில் டக்கென்று ஒரு கொண்டை ஊசி விழுந்தது.

கன்னியப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊசியைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மெதுவாக வெளியே போய் உலாத்தினான். செங்கமலம் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் போய் நின்று கொண்டையைப் பார்த்தான். பாக்கிங் பிரிவில் இருந்த ஆறு பெண்களின் கொண்டைகளையும் பார்த்தான். தாயாரம்மாள் குனிந்து பெருக்கும்போது வளைந்து நின்று பார்த்தான்.

"இன்னா சார், காலலேர்ந்து பொம்பளைங்க கொண்டையையே பாத்துகினு கீறே?" என்று அவள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். "மரகதத்தாண்ட சொல்லட்டா?"

பாக்கிங் பிரிவே சிரித்தது. கன்னியப்பன் காது சிவக்க அறைக்கு ஓடி வந்து யோசித்தான். செங்கமலத்தின் கொண்டையில் இருந்த ஊசிகள் இதே கறுப்பு, இதே வளைவு. வேறு யாராக இருந்தாலும் விஷயம் முடிந்தது என்று போயிருப்பார்கள். கன்னியப்பன் அப்படி ஏமாறுகிறவன் இல்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற சாட்சியை எவனோ வேண்டுமென்றேதான் போட்டிருக்க வேண்டும். செங்கமலத்தின் ஊசியை எடுத்துக் கீபோர்டில் செருகும் அளவுக்கு மூளை உள்ளவன் யார்? நோட்டில் ரகுபதியின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

ஊசி விழுந்ததும் 'ஈ' பிழைத்துக்கொண்டதால், அன்று மாலையும் ஃபைலை ஆறு வரியாக்கிவிட்டுத்தான் போனான். வியாழக்கிழமை காலையும் பதினான்கு வரி. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் எட்டு வரி சேர்க்கிறார்களா? நான் ஆறையும் சுருக்குகிறேன். வெறி பிடித்தாற்போல அழித்துக்கொண்டே போனான். அன்றைக்கு முருகனைக்கூடக் கும்பிடவில்லை. இரண்டே வரி மிச்சம் வைத்துவிட்டு மெஷினை அணைத்துப் போட்டான்.

மெஷின் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. கட்டளையை வாங்கிக்கொள்கிற ஆளையே காணோம் என்று அர்த்தம். பஸ்ஸில் துண்டுகளை எடுக்கிற வேகத்தில் டிரைவரையும் இறக்கிவிட்டிருந்தான்.

நெற்றியில் கை வைத்து உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் செய்தி கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. வந்து பார்த்தவர்களின் முகத்தில் கவலை இருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். செங்கமலம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"மெஷின் சுத்தமாப் போயிடுச்சாண்ணே? இனிமே வரவே வராதா?"

"அதுல ஒனக்கென்ன அவ்ளோ சந்தோஷம்?"

"சந்தோஷமா? சேச்சே" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

யாக்கோபு கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னது அவன் காதில் தெளிவாக விழுந்தது. பதினோரு மணிக்கு ரகுபதி ஸ்டோர்ஸிலிருந்து வந்தான். கையில் படப்பை டீக்கடை போண்டா, சூடாக, எட்டு. எட்டு வருஷ சிநேகிதத்தில் ரகுபதி வாங்கித் தந்த முதல் போண்டா அது.

கன்னியப்பன் ஒன்றைப் பிய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தான்.

ரகுபதி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கன்னியப்பா, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்காத. இந்த ரிப்போர்ட்டுக்கு இப்ப இன்னா அவசரம்? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடு."

"எழுத்துல குடுக்கற விஷயமா இருந்தா எப்பவோ குடுத்திருப்பேனேடா."

"அப்ப எனக்குக் காது கேக்காது."

ரகுபதி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு மிச்ச ஏழு போண்டாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதுதான் சதி, சந்தேகமே இல்லை என்று கன்னியப்பன் முடிவு கட்டினான். ரிப்போர்ட் ஓடாது, மாதம் முடியும், அவன் வெளியே போவான், அந்த ஏ.சி. அறையில் ரகுபதி வந்து உட்காருவான். நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது. மரகதத்திடம் என்ன சொல்வது? முப்பத்தாறு வயசில் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நிற்கவா?

மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் மெட்ராஸ் இன்ஜினியரை ஃபோனிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, அவசரத்துக்கென்று தந்திருந்த ஃபிளாப்பியைப் போட்டு மெஷினை எழுப்பினான். வரிகளைத் திரும்ப எழுதினான். சரியாக ஆறு.

"சார், நான் போனப்புறம் யாரும் இதைத் தொட முடியாதபடி செய்ய வழி இருக்கா?"

"பெட்டி முன்பக்கம் ஒரு சாவித்துவாரம் இருக்கே, பாக்கலியா? பூட்டிட்டா கீபோர்டு வேலை செய்யாது."

ஆறு மாதமாக அது அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தான். மேசை டிராயரிலிருந்து சின்ன உருளைச் சாவியைத் தேடி எடுத்துப் பூட்டினான். சட்டைப்பை பத்திரமில்லை, வீடும் பத்திரமில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு சிக்கல். கயிறு குட்டை. முடிச்சு இறுகிப் போயிருந்தது, அவிழவில்லை. வேறு வழியில்லாமல் கன்னியப்பன் சட்டையைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, மேசைமேல் வயிற்றை அழுத்தி, மெஷினை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பூட்டைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துத் தாயாரம்மாள் துடைப்பத்தோடு கதவைத் திறந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

திரையில் வரிகளை எண்ணினான். ஆறு. ஆறே ஆறு.

கண்ணில் நீர் வந்துவிட்டது. ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டான். இடம் போதவில்லை என்ற பேச்சே இல்லை. மெஷின் உள்ளே கடகடவென்று வேலை செய்ய ஆரம்பித்தது. கன்னியப்பன் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தான்.

ஒன்பதரைக்குச் செங்கமலம் வந்தாள். "அண்ணே, ஏ.சி. சத்தம் ஒரு மாதிரியா கேக்குது. கொஞ்ச நேரம் எல்லாத்தையும் நிறுத்திடலாமா?"

"முடியாது."

பத்தேகாலுக்கு யாக்கோபு வந்தார். "சார், ஒன்னத் தேடி யாரோ கேட்டாண்ட வந்து நிக்கறாங்கோ."

"நிக்கட்டும்."

பதினொன்றுக்கு ரகுபதி வந்தான். "கன்னியப்பா, பிரிண்டர் பேப்பர் ஸ்டாக் இல்ல. அடுத்த வாரந்தான் வரும்."

கன்னியப்பன் மேசைக்கு அடியில் குனிந்து, பழைய வேட்டியால் மூடி வைத்திருந்த ஒரு முழுப்பெட்டிப் பேப்பரை வெளியே இழுத்தான். ரகுபதியின் முகம் தொங்கிப்போனது.

பதினொன்றே முக்காலுக்குப் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வந்து நின்றார்கள். எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். செங்கமலம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பொறாமை மனிதர்களை எப்படியெல்லாம் ஆட்டி வைக்கிறது என்று கன்னியப்பன் வியந்தான். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. கரண்ட் போக மூன்று நிமிஷம் இருக்கும்போது கடைசித்தாள் வெளியே வந்தது.

மடிப்புக் கலையாமல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனான். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"பிரமாதம் கன்னியப்பன். அடுத்த மாசமும் இப்படியே வருமா?"

"கண்டிப்பா வரும் சார். ஃபைலை அப்படிச் சுருக்கி வெச்சிருக்கேன். ஒரு பட்டனை அமுக்கினா போதும்."

"பெரிய வேலை ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமே இல்ல சார்!" கன்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "யார் வேணா ஓட்டலாம். நம்ம செங்கமலம்கூட ஓட்டலாம்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார் எம்.டி. "கொஞ்சம் வெளியில இருங்க. கூப்பிடறேன்."

வெளியே நால்வரும் நின்றிருந்தார்கள். ரகுபதி தரையைப் பார்த்தான். தாயாரம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவனுக்குக் கோபம் அழகில்லை என்று கன்னியப்பன் தொண்டையைச் செருமினான்.

"இத்தினி நாளா யாரு இன்னா பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும். எம்.டி.யாண்ட ஒரு பேரும் சொல்லல. வேல நிரந்தரமாவுற நேரத்துல எதுக்கு வீண் பகை? மன்னிச்சுட்டேன்."

செங்கமலம் ஓவென்று அழுதுவிட்டாள். உள்ளே எம்.டி. அவளைக் கூப்பிடுகிற மணி அடித்தது. அவள் நகரவில்லை. யாக்கோபுதான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், ஒன்ன வேலைய வுட்டு நிறுத்தற லெட்டர இந்தப் பொண்ணு போன சனிக்கெழமையே டைப் அடிச்சிடுச்சு, ரிப்போர்ட் வர்ற அன்னிக்குப் போட்டுக்கலாம்னு மொதலாளி தேதிய மட்டும் காலியா வுட்டு வெச்சிருந்தாரு, அந்தத் தேதி வந்துடக் கூடாதேன்னுதான் நாங்க நாலு பேரும் தெனம் காலங்காத்தால வந்து ஒன் ஃபைல்ல வரிய சேத்துகினு இருந்தோம்."